அரக்குத் தட்டில் ஒரு பறவை

கொஞ்சம் நகர்ந்து கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஓர் இசைத்தட்டின் கதையைச் சொல்லப்போகிறேன். இதில் செத்துப்போன ஒருவன் பேசுவான். பயப்படாதீர்கள். அவன் நல்லவன், கொஞ்சம் கூச்சக்காரன், அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு உரியவளை ஒரு காலத்தில் ஊசிக்காரி என்று கூப்பிட்டார்கள். தையல் ஊசி இல்லை, இசைத்தட்டின்மேல் வைக்கிற ஊசி. இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. காது டாக்டர் ஒருவரிடம் வேலை. வருகிறவர்களைச் சத்தம் புகாத ஒரு சிறு அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மெஷினில் ஒரு விளக்கு எரியும், காகிதத்தில் ஒரு புள்ளி விழும்.

அவள் அனுப்புகிற ஒலிகளில் உச்சத்தில் இருக்கிற சில அவளுக்கே கேட்காது. இளமையில் பத்து வருஷம் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே நின்றதில் காதின் மேல்படிகள் இடிந்துபோய்விட்டன. விளக்கு எரிகிறது, எனவே ஒலி போகிறது என்று நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடியது. டாக்டருக்குத் தெரியும். "உன் காதைப் பாத்து நான் யாருக்கு வைத்தியம் பண்றதும்மா?" என்று கிண்டலடிப்பார். "சாப்பிடாத சமையக்காரி இல்லையா டாக்டர், அந்த மாதிரி வச்சுக்கோங்க" என்பாள் அவளும்.

காலையில் அந்த அறையைத் துடைக்க அவள் உள்ளே போவாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அப்போது ஆரம்பிக்கும். முதலில் காதுக்குள் ரீங்காரம். அதன் பின்னால், எங்கோ தூரத்தில், ஒரு தாளம். தாளத்தின்மேல் ஒரு பறவை. கீச் கீச் கீச் என்று தட்டுத்தடுமாறிக் கூவும், நிற்கும், மறுபடி கூவும். இருபத்தாறு வருஷமாக இதே கதை. பறவை ஓய்ந்ததும் ஒரு பெண்குரல் வரும்: "உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்."

அந்தக் குரல் அவளுடைய தம்பி பெண்டாட்டியின் குரல். தம்பியின் சாவு வீட்டில் சொன்னது. என்ன தெரியும் என்று அவள் சொல்லவில்லை. ஊசிக்காரியும் கேட்கவில்லை.

இருங்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குக் குழம்பிவிடும்.

அந்தக் காலத்தில் ஊரின் ஓரத்தில் மூடிக்கிடந்த ஓர் அச்சகம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு நிலவறை. சனிக்கிழமை இரவுகளில் அங்கே நானூறு பேர் கூடுவார்கள். சுவரொட்டி கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஒருவர் காதில் ஒருவர் ஓதித்தான் கூட்டம் சேரும். ரேடியோவில் வராத பாட்டு, பாடுகிறவர் இல்லாத பாட்டு, முழுக்க மெஷின் போடுகிற பாட்டு. வெளியே நின்று கேட்டால் யாரோ பெரிய சுத்தியலால் பூமியைத் தட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளே போனால் அந்தச் சுத்தியல் உங்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்துவிடும்.

ஊசிக்காரிக்கு அந்த இசைமேல் இருந்தது ஆசை என்று சொன்னால் குறைச்சலாகிவிடும். பித்து. பகலில் அவள் ஒரு காலணிக் கடையில் பெட்டி அடுக்கினாள். அங்கே யாரும் அவளை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கீழே இறங்கி இரண்டு தட்டுகளுக்கு முன்னால் நின்றால் அவள் வேறு ஆள். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஓடும். இன்னொன்று அவள் காதுக்கு மட்டும் ஓடும். இரண்டின் வேகத்தையும் மயிரிழை மயிரிழையாகத் தள்ளித் தள்ளிச் சேர்ப்பாள். இரண்டு பேர் படியிறங்கும்போது கொஞ்ச தூரத்தில் காலடி ஒன்றாகிவிடும் பாருங்கள், அந்த மாதிரி. ஒன்று எங்கே முடிந்தது, இன்னொன்று எங்கே தொடங்கியது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கூட்டத்தில் யாருக்கும் வயசில்லை, வேலையில்லை, முகமில்லை. நானூறு பேருக்கு ஒரே மூச்சு. அந்த மூச்சு தன் விரல் நுனியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பாட்டு எங்கே கிடைத்தது என்பதைப் போட்டிக்காரர்களுக்குக் காட்டக் கூடாது. அவர்கள் மேடை ஓரமாக வந்து, தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டை எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஊசிக்காரி கறுப்புக் காகிதத்தை வட்டம் வட்டமாக வெட்டிப் பையில் வைத்திருப்பாள். புதுத் தட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை, சீட்டின்மேல் கறுப்பு வட்டத்தை ஒட்டுவது.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. சரக்குக் கிடங்கில் இரவு வேலை. பெட்டிகளில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் எண் போடுவான். அவனுக்குத் திக்குவாய். அதனால் நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு தலையாட்டலோடு முடித்துக்கொள்வான். ஆனால் பகலில், அடுக்களை மேசைமேல் ஒரு பழைய தாள மெஷினை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுப் போடுவான். அக்காவால்தான் அந்தப் பைத்தியம் அவனையும் பிடித்தது. இரவு வேலை என்பதால் நிலவறைக்கு அவன் ஒருநாளும் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் போட்ட பாட்டை ஒரு தட்டில் வெட்டி அனுப்பினான். கடையில் கிடைக்கிற மாதிரித் தட்டு இல்லை அது. அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூசி, ஒரே ஒரு பிரதி அறுத்துத் தருவார்கள். மெத்தென்று இருக்கும். ஊசி ஓட ஓடத் தேயும். வேலைக்குப் போகிற வழியில் நிலவறை வாசல்காரனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். "உன் தம்பி குடுத்துட்டு ஓடினான்" என்று வாசல்காரன் நீட்டினான். நிலவறையில் அப்போது ஒரே ஒரு சிவப்பு பல்புதான் எரிந்துகொண்டிருந்தது. அவள் கை பழக்கத்தில் கறுப்பு வட்டத்தை எடுத்தது, ஒட்டியது. அன்றைக்கே கூட்டத்துக்குப் போட்டாள்.

நிலவறை தலைகீழானது. அந்தப் பறவை கூவுகிற இடம் வந்ததும் நானூறு பேரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். அவள் தட்டை விரலால் பின்னுக்கு இழுத்து, மறுபடி கூவவிட்டாள். மறுபடி இழுத்தாள். அடுத்த சனிக்கிழமையும் அதே. மூன்றாவது சனிக்கிழமை பறவை கூவிக்கொண்டிருந்த நேரத்தில், கிடங்கில் பெட்டி அடுக்கு சரிந்து தம்பி அதற்கடியில் போய்விட்டான்.

சாவு வீட்டில்தான் அவன் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி என்பதே அவளுக்குத் தெரியவந்தது. கட்டிக்கொள்ளப் போனவளை அவள் விலக்கி நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். தெரிஞ்சும் வரல. இனிமேலும் வராதீங்க." அவ்வளவுதான். ஊசிக்காரி தட்டுகளை எல்லாம் கேட்டு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டாள், அந்த அரக்குத் தட்டையும் தட்டு ஓட்டுகிற ஒரு சுழல்மேசையையும் தவிர. அதற்குப் பிறகு நிலவறைக்கு அவள் இறங்கவில்லை. தன் பாட்டுப் பித்தில் தம்பிக்கு ஏதோ தீங்கு செய்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். என்ன தீங்கு என்பதுதான் தெரியாது.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் காது பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்றாள். ஊசிக்காரி படிவத்தை வாங்கிப் படித்தாள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயர். முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதே காது மடல், அதே அகல நெற்றி.

ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "உள்ள உக்காரும்மா. சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கு. கேக்காமலே அமுக்கினா மெஷின் காட்டிக் குடுத்துடும்" என்றாள்.

"எங்க டெப்போ மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க."

கதவைச் சாத்தி ஒலிகளை அனுப்பினாள். விளக்கு ஒன்றுவிடாமல் எரிந்தது. பூனைக்குக்கூட இப்படிக் காது இருக்காது. பரிசோதனை முடிந்து காகிதத்தைக் கிழிக்கும்போது, உள்ளே இருக்கும் மைக் வழியாக அந்தப் பெண் எதையோ முணுமுணுப்பது கேட்டது. மெதுவான ஒரு ராகம். தொட்டிலை ஆட்டுகிற வேகம். எங்கேயோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. ஊசிக்காரியின் மனசுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவள் வலது கால் பாதம் தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

கதவைத் திறந்தாள். "அது என்ன பாட்டு?"

"எங்கப்பா போட்டது. அம்மா வேலை செய்யறப்பல்லாம் முணுமுணுப்பாங்க."

"உங்கப்பா பாட்டு இப்படித் தூங்கி வழியாதே!"

வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"டெப்போலேர்ந்து ரெண்டு காது டாக்டரைத் தாண்டித்தான் இங்க வந்திருக்கேன், அத்தை."

அத்தை! பிறந்த நாளிலிருந்து அவளை அப்படிக் கூப்பிட ஒருத்தரும் இருந்ததில்லை.

"வீட்டுல அப்பா போட்டோ ஆறு இருக்கு" என்றாள் அந்தப் பெண். "குரல் ஒண்ணுகூட இல்ல. ஒரே ஒரு தட்டுலதான் பேசியிருக்காராம், அது உங்ககிட்ட இருக்காம். எனக்கு அதைக் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். சண்டை போடவும் வரல."

"அதுல குரலே இல்லம்மா. பறவை மாதிரி ஒரு கீச்சுச் சத்தம், அவ்வளவுதான்."

"எங்கம்மா திட்டுவாங்க. பொய் சொல்ல மாட்டாங்க. அவர் பேசிப் பதிவு பண்ணப்ப அவங்க பக்கத்துலதான் இருந்தாங்களாம். உங்களுக்கு ஏதோ சேதி சொல்லியிருக்காராம். கேட்டுட்டு நீங்க வாயே திறக்கலையாம்."

"என்ன சேதியாம்?"

"அதை அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க. 'அவங்களைப் போய்க் கேளு, அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்'ங்கறாங்க."

பாருங்கள், அந்த வாக்கியம் இருபத்தாறு வருஷம் கழித்து, வேறொரு வாயிலிருந்து, பட்டப்பகலில் நேராக வந்து நின்றது. ஊசிக்காரி பரிசோதனைக் காகிதத்தை அவளிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மடிக்கணினியோடு வந்தாள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அலமாரியின் அடித்தட்டில், போர்வைக்குள், துண்டுக்குள், அட்டைக்குள் இருந்தது அந்தத் தட்டு. வெளியே எடுத்தாள். கறுப்புப் பரப்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது, குளிர் நாளில் கண்ணாடியில் படிகிற ஆவியைப் போல. ஊசிக்காரி மெல்லிய துணியை ஈரப்படுத்தி, கைக்குழந்தையின் முதுகைத் துடைப்பது போல் வட்டமாகத் துடைத்தாள்.

"இது சாதாரணத் தட்டு இல்ல. ஊசி ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டிட்டே போகும்."

"எத்தனை தடவை போட்டிருப்பீங்க?"

"மூணு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு தடவையாவது. அதுல பறவை கூவற எடத்தை மட்டும் பிடிச்சுப் பிடிச்சு இழுத்திருக்கேன். ஜனங்க விடமாட்டாங்க."

"இப்ப எத்தனை தடவை தாங்கும்?"

"ஒண்ணு தாங்கலாம். பாதியிலயே அரக்கு பேந்துட்டா அதுவும் இல்ல."

"அப்ப அந்த ஒண்ணுலயே பதிவு பண்ணிடுவோம்." கணினியின் கம்பியைச் சொருகினாள். "போடுங்க அத்தை."

ஊசிக்காரியின் கை வேக விசைக்குப் போனது. அந்த அளவுத் தட்டுகள் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடும், அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நாற்பத்தைந்தில் தள்ளினாள். இந்த ஒரு தடவை ஓடி முடிந்தால் தம்பி என்ன குற்றம் சாட்டினான் என்பது தெரிந்துவிடும்.

"ரொம்ப வேகமாச் சுத்துதே" என்றாள் அந்தப் பெண்.

"அது அப்படித்தான் சுத்தும்."

"அம்மா பாடறது இவ்ளோ வேகம் இல்ல."

"உங்கம்மா சோகத்துல இழுத்துப் பாடியிருப்பா. நான் இதைப் போட்டு நானூறு பேரை ஆட வச்சவ. எனக்குத் தெரியாதா?"

"கோவப்படாதீங்க. ஒரு தடவைதான் ஓடும்னு நீங்கதான சொன்னீங்க. தட்டுலயே எழுதியிருக்காதா? பஸ்ஸுலகூட எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கும்."

"சீட்டுல ஒண்ணும் இல்ல. நான் பாத்தேன்."

அவள் பார்த்தது உண்மை. ஆனால் சிவப்பு பல்பின் கீழே பார்த்தாள்.

அந்தப் பெண் விடவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கறுப்பு வட்டத்தின்மேல் மட்டும் ஒற்றினாள். பசை இளகியது. நகத்தால் மெல்ல உரித்தாள். கீழே வெள்ளைச் சீட்டு. சீட்டில், பெட்டிக்கு எண் போடுகிற அதே சிவப்பு மெழுகுப் பென்சிலால், சாய்ந்த கையெழுத்து:

33-ல் போடு. அக்காவுக்கு மட்டும்.

ஊசிக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து தெரியாது, என் கண்ணுகளா. வெள்ளைத் தாள் மாதிரிதான் இருக்கும். வேண்டுமானால் நீங்களே ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளைக் கண்ணில் பிடித்துக்கொண்டு பாருங்கள். அவளுக்கு மட்டும் என்று எழுதியதை அவள் நானூறு பேருக்குப் போட்டிருக்கிறாள். அதுவும் தப்பான வேகத்தில், ஒரு தடவைகூடத் தனியாகக் கேட்டுப் பார்க்காமல்.

"அத்தை, எந்திரிங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் அதட்டலும் இல்லை, பரிதாபமும் இல்லை. பஸ்ஸில் படியில் தொங்குகிறவரை உள்ளே வரச் சொல்கிற குரல்.

ஊசிக்காரி எழுந்து விசையை முப்பத்துமூன்று சுற்றுக்குத் தள்ளினாள். ஊசியை இறக்கினாள்.

முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அப்புறம் தாளம். சுத்தியல் இல்லை அது. யாரோ பக்கத்து அறையில் நிதானமாக நடக்கிற காலடி. அடியில் இழைந்த ராகத்தைக் கேட்டதும் அந்தப் பெண் தன்னையறியாமல் கூடவே முணுமுணுத்தாள். பிறகு பறவை கூவ வேண்டிய இடம் வந்தது. ஊசிக்காரியின் விரல்கள் இழுத்து இழுத்துத் தேய்த்த இடம். கரகரவென்ற சத்தம்தான் பெரிதாக வந்தது. கரகரப்புக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்: "அ… அ… அ… அ… க்கா."

பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா என்ற சொல்லில் அவன் திக்கி நின்றிருக்கிறான். அதைத்தான் அவள் பின்னுக்கு இழுத்து இழுத்துக் கூவவிட்டாள்.

குரல் தொடர்ந்தது. ஊசிக்காரிக்கு அவன் குரலின் ஏற்ற இறக்கம் கேட்டது, வார்த்தைகள் உடைந்து உடைந்து விழுந்தன. "என்ன சொல்றான்? எனக்குப் பிடிபடல, என்னடி சொல்றான்?" என்று தவித்தாள். அந்தப் பெண் குனிந்து, அத்தையின் காதில் வாயை வைத்து, தகப்பன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னாள்.

"நான்தான். நேர்ல சொன்னா திக்கும், நீ சிரிப்பே. அதனால இப்படி." தாளம் நாலு அடி நடந்தது. "நீ அத்தை ஆகப்போறே. மொதல்ல உனக்குத்தான் சொல்றேன். வேற யாருக்கும் தெரியாது." மறுபடி நாலு அடி. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வர்றப்ப அந்த ஹெட்போனைக் கழட்டிட்டு வா."

அப்புறம் சிரிப்பு. அடக்கப்பார்த்து முடியாத ஒரு சின்னச் சிரிப்பு. பக்கத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பும். அதன்பின் வெறும் தாளம், இரைச்சல், முடிவு. ஊசியைத் தூக்கியபோது அதன் முனையில் கறுப்பு நூல் போல அரக்கு சுருண்டு கிடந்தது.

நீ அத்தை ஆகப்போகிறாய் என்று காதில் சொன்னவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா திக்குவாரா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அம்மா சொல்லவே இல்லையே. எப்பவும் 'அப்படிப் பேசுவார், இப்படிப் பேசுவார்'னு ஏதோ மேடைப் பேச்சாளர் மாதிரியில்ல சொல்லி வச்சிருக்காங்க!"

ஊசிக்காரி சிரிக்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "உங்கம்மா எங்க இருப்பா இப்ப?"

"இன்னைக்குக் கடை லீவு. ஆனா கடையிலதான் இருப்பாங்க. வீட்டுல உக்காந்தா அவங்களுக்குக் கை அரிக்கும். கண்ணாடி அறுத்துட்டு இருக்கறப்ப மட்டும் சட்டுனு பேசிடாதீங்க அத்தை. அப்புறம் எனக்கு நீங்க ரெண்டு துண்டாத்தான் கிடைப்பீங்க."

தம்பி பெண்டாட்டி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தாள். உள்ளே நீளமான மேசை, அதன்மேல் கம்பளி விரிப்பு, சுவரோரம் கண்ணாடித் தகடுகள் நெட்டுக்குத்தலாக அடுக்கியிருந்தன. அவள் அளவுகோலை வைத்து வைரச் சக்கரத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். மகளின் பின்னால் வந்தவளைப் பார்த்தாள். கோட்டைக் கடைசிவரை இழுத்தாள். முடித்து, இரண்டு பக்கமும் கட்டை விரலை ஊன்றி, டக் என்று உடைத்தாள். கோடு தப்பி மூலையில் பிசிறு விழுந்தது.

"போச்சு" என்றாள். "என்ன வேணும்?"

"நான் கேக்கவே இல்லம்மா" என்றாள் ஊசிக்காரி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு மறந்துபோயிற்று. "அவன் சொன்னதை நான் கேக்கவே இல்ல. தப்பான வேகத்துல போட்டுட்டேன். குரல்னே தெரியல. அவன் எழுதி வச்சிருந்தான், அதுவும் தெரியல. சிவப்புப் பென்சில்ல எழுதியிருக்கான். அங்க சிவப்பு பல்பு. மேல காகிதத்தை வேற ஒட்டிட்டேன். இன்னைக்குத்தான் கேட்டேன். மூணு மணிக்குத்தான் கேட்டேன்."

மகள் தலையாட்டினாள். "நானும் பாத்தேம்மா. எழுத்து இருந்துச்சு."

தம்பி பெண்டாட்டி மேசையிலிருந்த கண்ணாடிப் பொடியைத் தூரிகையால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"சிவப்புப் பென்சிலா?"

"ஆமா."

"அந்த மனுஷனுக்கு வேற பென்சிலே கெடைக்கலையா!" என்று கத்தினாள். கண்ணாடித் தகடுகள் அதிர்ந்தன. "கறுப்புப் பென்சில் டப்பா நெறைய வாங்கி வச்சிருந்தேனே! எதை எடுத்தாலும் கிடங்குல இருக்கற மாதிரியே…" ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமை, அண்ணி. ரெண்டு ஞாயித்துக்கிழமையும் ஷிப்டு முடிஞ்சு வந்து படுக்கவே இல்ல. சன்னல்கிட்டயே நின்னார். போய்க் கூட்டிட்டு வாங்களேன்னு நான் கத்தினேன். போக மாட்டேன்னுட்டார்."

"கோவமா இருந்தானா?" இருபத்தாறு வருஷமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தது ஒருவழியாக வெளியே வந்தது.

"அவருக்கென்ன கோவம்? வாசல்காரன் சொன்னானாம், உங்கக்கா உன் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடறா, ஊரே ஆடுதுன்னு. 'பாத்தியா, அத்தை ஆகப்போறதை அத்தனை பேருக்கும் போட்டுச் சொல்லிட்டிருக்கா. கொண்டாடி முடிச்சிட்டு வருவா'ன்னு அதையே சொல்லிட்டிருந்தார். அவர் போன அந்தச் சனிக்கிழமை… அன்னைக்கும் அதைச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனார். கோவப்பட்டதெல்லாம் நான்தான்."

தம்பி சந்தோஷமாகத்தான் போயிருக்கிறான். இல்லாத ஒரு கொண்டாட்டத்தை நம்பிப் போயிருக்கிறான். இதில் எதைத் தாங்கிக்கொள்வது, எதற்கு ஆறுதல்படுவது என்று ஊசிக்காரிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, என் செல்வங்களே. சிலதை இப்படியே கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மகள் மடிக்கணினியை மேசைமேல் திறந்தாள். "அம்மா, போடட்டுமா? அப்பா பேசறார்."

"எனக்கு எதுக்கு? நான் பக்கத்துல உக்காந்து நேர்லயே கேட்டவ. அந்தச் சிரிப்பு என்னோடதுதான்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஜனங்க ஆடினாங்களே, அந்த வேகத்துல போடு. அதை நான் கேட்டதே இல்ல. அவரும் கேட்டதில்ல."

மகள் ஊசிக்காரியைப் பார்த்தாள். ஊசிக்காரி தலையசைத்தாள். வேகத்தை ஏற்றினார்கள்.

சுத்தியல் இறங்கியது. சின்னக் கணினியிலிருந்து வந்த சத்தத்துக்கே அடுக்கியிருந்த கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. பறவை வந்தது. இரைச்சலுக்குள் மங்கலாக, தட்டுத்தடுமாறி, கீச் கீச் கீச். மூன்று பேருக்கும் இப்போது அது என்ன சொல்கிறது என்று தெரியும். பட்டப்பகலில், மூடிய கடைக்குள், அவன் நாலாவது ஆளாக நிற்பது போலிருந்தது.

"இந்த எடத்துலதான் எல்லாரும் கையைத் தூக்குவாங்க" என்றாள் மெதுவாக. "நான் இழுத்து விடுவேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கேப்பாங்க."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

தம்பி பெண்டாட்டி காதைச் சாய்த்துக் கேட்டாள். அவள் குதிகால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. "என்னமோ அண்ணி," என்றாள், "நான் முழுகாம இருக்கறது ஊருக்கே தெரிஞ்சு எனக்காக ஆடின மாதிரி இருக்கு."

பாட்டு முடிந்தது. கண்ணாடிகள் முனகி ஓய்ந்தன. அவள் உடைந்த தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி, "உக்காருங்க. இன்னொரு தடவை போடட்டும். எந்த எடத்துல இழுப்பீங்கன்னு சரியாச் சொல்லுங்க" என்றாள்.

ஊசிக்காரி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் கதை. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் வீட்டில் நல்ல சேதி சொல்ல வருகிறவர் வாசலிலேயே நின்றுவிடாமல் இருக்கட்டும். சொல்லத் திக்குகிறவருக்குக் காத்திருக்கிற காது கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்து சேரட்டும். குழந்தை குட்டிகளோடு சிரிப்புச் சத்தம் குறையாமல் நன்றாக இருங்கள், என் கண்ணுகளா.